காலி ரோட்டுக்கு ஒரு பெல்

காலி ரோட்டைக் கண்டால் எனக்குப் பயம். யாங்கோன் என்று இப்போது எழுதுகிறார்கள், எங்கள் வாயில் இன்னும் ரங்கூன்தான். அந்த ஊரில் பஸ் உறுமுகிறது, சைக்கா ரிக்‌ஷாக்காரன் கத்துகிறான், நடைபாதை முழுக்கக் கடை பரப்பியிருக்கிறது என்றால் அன்றைக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் சட்டென்று நின்று, கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்து மூடினால் முன்னால் ஏதோ இருக்கிறது. என்ன ஏது என்று யாரும் விசாரிக்க மாட்டோம். வந்த வழியே திரும்பிவிடுவோம்.

அப்படிப்பட்ட என்னை, ஒரு வண்டிகூட வராத பாதையில் நான்கு நாள் சைக்கிள் ஓட்ட வைத்தாள் என் மகள் வள்ளி. அதுவும் பிரான்ஸ் தேசத்தில்.

நான் ஊர் பார்க்கப் போனவன் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் குடியிருந்துகொண்டு, தினமும் சைக்கிளில் ஃபெரித் துறைக்கு வந்து, ரங்கூன் கரையில் இறங்கி லத்தாவில் ஒரு பருப்பு மொத்தக் கடையில் மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொள்கிற ஆள். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்ததில்லை. ஒரு காரியமாகத்தான் விமானம் ஏறினேன். எனக்கு ஒரு மகனும் இருக்கிறான், வள்ளிக்குத் தம்பி. அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் கூப்பிடுகிற மாதிரி சின்னவன் என்றே வைத்துக்கொள்கிறேன். எங்கள் வார்டில் அவன் வயதுப் பையன்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கிறார்கள். பெயர் வந்தால் பட்டாளம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தேவையில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"மாப்பிள்ளைகிட்ட கேட்டுட்டு வாங்க. புள்ளய அங்க கூப்பிட்டுக்கச் சொல்லுங்க. வாயத் தொறந்து கேளுங்க, வழக்கம்போல திருநீறு பூசிக்கிட்டு உக்காந்துடாதீங்க" என்று சொல்லித்தான் என் மனைவி என்னை அனுப்பினாள்.

வாயைத் திறப்பதுதான் கஷ்டம். பெண்ணைக் கொடுத்த வீட்டில் நாங்கள் எதையும் கேட்பதில்லை. என் அப்பா தன் மகள் வீட்டுக்குப் போனால் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று பொய் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்று பேசிவிட்டு வருவார். மாப்பிள்ளை ஜூலியன் பிரெஞ்சுக்காரர். முன்பு ரங்கூனில் சில வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர், பர்மியம் எங்களைப் போலவே பேசுவார். நல்ல மனுஷன். அதனாலேயே இன்னும் கஷ்டமாக இருந்தது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காரும்போதெல்லாம் வார்த்தை தொண்டை வரை வரும். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டு அதோடு விழுங்கிவிடுவேன்.

அப்படியே நாட்கள் போயின. மாப்பிள்ளைக்கு லீவு விட்டது. "சைக்கிள்ல போலாம்பா. கார் வராது, லாரி வராது. நீங்க டாலாவுல ஓட்டறதுதானே" என்றாள் வள்ளி.

முதல் நாள் காலை, தங்கியிருந்த விடுதி வாசலில் மூன்று சைக்கிளையும் நிறுத்தி, திருநீறு பூசி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தேன். எங்கள் ஊரில் வண்டி எடுத்தால் அப்படித்தான். மாப்பிள்ளை தன் சைக்கிளைத் தள்ளிப் பழத்தை நசுக்கினார். எதிரே காபிக் கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னமோ சொன்னார். "இத்தனை எலுமிச்சை போதாது, அந்தப் பக்கம் ஏற்றம் நிறைய இருக்கிறது" என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிளம்புகிற நேரத்தில் போன் சிணுங்கியது. சின்னவனிடமிருந்து குரல் செய்தி. தனியாக இருக்கும்போது கேட்கலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதையாம். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் பொடிச் சரளையைக் கொட்டி உருட்டி இறுக்கியிருக்கிறார்கள். சக்கரம் உருளும்போது அரிசியைப் புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். அதைத் தவிர வேறு சத்தமே இல்லை. இரண்டு பக்கமும் மரம், மரத்துக்கு அப்பால் வயல், வயலில் நந்தி போல வெள்ளை வெளேரென்று மாடுகள். பார்க்க அழகுதான். ஆனால் நான் பிரேக்கிலிருந்து விரலை எடுக்கவில்லை. என் அப்பா பர்மா ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளத்தைப் பார்த்துச் செப்பனிடுகிற வேலை. ரயில் பாதை சும்மா கிடக்கிறது என்று நம்பாதே, முனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு ஓரமாகப் போ என்று சொல்லி வளர்த்தவர். நான் ஓரமாகவே போனேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

சைக்கிளில் ஒரு பித்தளை பெல் இருந்தது. "முன்னால் நடந்து போகிறவர்கள் திடுக்கிடாமல் இருக்க அடிக்க வேண்டும்" என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். நான் முன்னால் ஆள் இல்லாதபோதும் அடித்தேன். வளைவு வந்தால் அடித்தேன், பாலம் வந்தால் அடித்தேன், நிழல் அசைந்தால் அடித்தேன்.

"அப்பா, சைக்கிள்தானே ஓட்டறீங்க? கற்பூர ஆரத்தி காட்டற மாதிரில்ல இருக்கு" என்றாள் வள்ளி.

பாதை ஒரு ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் அது நடந்தது. குறுக்கே இரும்புத் தடுப்பு, சைக்கிள் மட்டும் நுழைகிற மாதிரி சந்து. தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு லாரி. இரண்டு ஆட்கள், பளபளக்கிற மஞ்சள் அங்கி, கனத்த பூட்ஸ். ஒருவன் கையில் வாக்கி டாக்கி. வள்ளியும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள்.

என் கைகால் தானாக வேலை செய்தது. இறங்கினேன். தொப்பியைக் கழற்றினேன். கண்ணைத் தாழ்த்தினேன். போனை எடுத்து, பார்க்காமலே, செய்தி, படம் எல்லாவற்றையும் அழித்தேன். வழியில் போனை வாங்கித் துருவிப் பார்ப்பார்கள் என்று ரங்கூனில் வீட்டை விட்டு இறங்கும்போது எல்லாரும் செய்கிற வேலைதான். பல் தேய்க்கிற மாதிரி பழகிப் போனது. பிறகு பாஸ்போர்ட்டை வலது கையில் பிடித்து, இடது கையை முழங்கைக்குக் கீழே மரியாதையாகத் தாங்கி நீட்டினேன்.

அந்த ஆள் பாஸ்போர்ட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் கூட்டாளியைப் பார்த்தான். வள்ளி ஓடி வந்தாள். அவன் அவளிடம் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள்: "நாங்க புல்லு வெட்டறவங்க. அவர் எதுக்கு இதக் காட்டறாரு? நாங்க ஏதாவது தப்பு செஞ்சிட்டமான்னு கேக்கறாரு."

அவன் முகத்திலும் பயம் இருந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்புறம் லாரிக்குள்ளிருந்து ஒரு பிளம் பழம் எடுத்துக் கொடுத்தான். அதைக் கையில் வாங்கின பிறகுதான் சின்னவனின் செய்தி ஞாபகம் வந்தது. கேட்காமலே அழித்துவிட்டேன்.

அன்றைக்கு முழுக்க நான் எதையும் பார்க்கவில்லை. இரவு தங்கிய இடத்தில் வீட்டுக்குக் கூப்பிட்டேன். லைன் போகவில்லை. டாலாவில் கரண்ட் போனால் டவரும் படுத்துவிடும், இது வழக்கம்தான். 'என்ன சொன்னாய்? மறுபடி அனுப்பு' என்று எழுதி அனுப்பினேன். போய்ச் சேர்ந்த அடையாளம் வரவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தோம். கல்வீடுகள். எல்லா வீட்டிலும் மரக்கதவுகளால் ஜன்னலை அடைத்திருந்தார்கள். தெருவில் ஓர் ஆள் இல்லை. நாய்கூட இல்லை. கடைவாசலில் பூத்தொட்டிக்குத் தண்ணீர் விட்ட ஈரம் காயவில்லை, ஆனால் கதவு சாத்தியிருந்தது. நான் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"வள்ளி, திரும்பிடலாம். இங்க என்னமோ நடந்திருக்கு. எல்லாரும் ஓடிட்டாங்க."

"எங்கேயும் ஓடலப்பா. சாப்பிட்டுட்டுத் தூங்கறாங்க."

"ஊரே சேந்தா?"

"ஊரே சேந்துதான்."

நான் நம்பவில்லை. சுவரோரம் சைக்கிளோடு நின்றேன். அப்போது ஒரு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. நல்ல, நிம்மதியான, ஊரைத் தூக்குகிற குறட்டை. முருகா என்று மூச்சு விட்டேன். கதவை அடைத்துக்கொண்டு பயமில்லாமல் தூங்குகிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது.

ரொட்டிக் கடை மூடியிருந்ததால், சந்தியில் நின்ற ஒரு இரும்புப் பெட்டியில் பொத்தானை அமுக்கி நீள ரொட்டி எடுத்தார் மாப்பிள்ளை. பாலாடைக்கட்டியைப் பிரித்தபோது எங்கள் ஊர் ஙாப்பியின் வாசம் வந்தது. மீனை நொதிக்க வைத்து அரைக்கிற ஙாப்பியை எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தொட மாட்டோம். இதற்கு எந்தக் கிழமை விலக்கு என்று தெரியாமல் கொஞ்சமாகத் தின்றேன். "அபே, அந்த வெள்ளை மாடுகள் பாலுக்கு இல்லை" என்று மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். அபே என்றால் பர்மியத்தில் அப்பா. ஏன் சொன்னார் என்று தெரியவில்லை, ஒருவேளை நான் காலையிலிருந்து அவற்றைக் கும்பிட்டுக்கொண்டே வந்ததைப் பார்த்திருப்பார். அன்றைக்குச் சாயங்காலம் வரை மாடு இருந்த பக்கம் நான் திரும்பவில்லை. அவற்றுக்குத் தெரியாது, பாவம், புல் மேய்ந்துகொண்டிருந்தன. எனக்குச் சின்னவன்தான் கண்ணில் வந்தான்.

இரவும் லைன் கிடைக்கவில்லை. செய்தியில் என்ன சொல்லியிருப்பான்? குலுக்கலில் பெயர் வந்துவிட்டதா? வீட்டுக்கு யாராவது வந்தார்களா? அவன் எங்கேயாவது கிளம்பிவிட்டானா? வள்ளியிடம் சொல்லலாம் என்றால், சொன்னால் நான் வந்த காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். படுக்கையில் உட்கார்ந்து கந்தர் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சுரங்கம் வந்தது. ரயில் போன பழைய சுரங்கம், மலையைக் குடைந்தது. வாயிலேயே குளிர்காற்று முகத்தில் அடித்தது. அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியவில்லை, உள்ளே வளைகிறதாம்.

"நான் வரலே" என்றேன்.

"அப்பா, சுத்திப் போனா ஹைவே. லாரி ரோடு."

"லாரி ரோடுன்னா எனக்குச் சந்தோஷம்."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "உள்ளே ஆள் அசைந்தால் விளக்கு எரியும். நாம் போகப் போக முன்னால் எரிந்துகொண்டே வரும். நான் உங்கள் பக்கத்திலேயே வருகிறேன்" என்றார். வள்ளி முன்னால் போய்விட்டாள். நான் முனீஸ்வரனை வேண்டிக்கொண்டு உள்ளே விட்டேன். பெல்லை விடாமல் அடித்தேன். ஒரு தடவை அடித்தால் சுரங்கம் பத்து தடவை திருப்பிச் சொன்னது. பாதி தூரத்தில் என் சைக்கிள் செயின் கழன்றது.

மாப்பிள்ளை குனிந்து மாட்டிக் கொடுத்தார். நான் நன்றி சொல்லாமல், கையைக் கூப்பிக் கண்ணை மூடி நின்றேன். நான் கும்பிடுகிறேன் என்று அவரும் அசையாமல் நின்றார். கண்ணைத் திறந்தால் திறக்காத மாதிரியே இருந்தது. விளக்கு அணைந்துவிட்டது.

"அபே, கையை ஆட்டுங்கள், எரியும்" என்றது அவர் குரல்.

"வேண்டாம் மாப்பிள்ளை. கொஞ்சம் இப்படியே நில்லுங்கள்."

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகமும் அவருக்குத் தெரியாது. எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் ஒரு இருட்டு எனக்குக் கிடைக்காது என்று தோன்றியது. "சின்னவனை உங்களிடம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அழகாகச் சொல்ல எத்தனையோ வாக்கியம் ஊரிலிருந்து தயார் செய்து கொண்டு வந்திருந்தேன், எதுவும் வரவில்லை. "அவனுக்கு ஏதாவது ஒன்று ஆவதற்குள். நான் உங்களிடம் கேட்கக் கூடாதவன். கேட்கிறேன்."

தண்ணீர் சொட்டியது. தப்புச் செய்துவிட்டேன், மகளின் வாழ்க்கையிலும் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

"அபே" என்றார். "போன மழைக்காலத்திலேயே நான் வள்ளியிடம் சொன்னேன், தம்பியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று. நீங்களாகக் கேட்கும் வரை நாம் வாயைத் திறக்கக் கூடாது, அப்பாவுக்குப் பெரிய அவமானமாகிவிடும் என்றாள். காத்துக்கொண்டே இருந்தோம். நீங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து தினமும் காத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் உட்கார்ந்தால் நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்றுதான் இந்தச் சைக்கிள் பயணமே."

"இப்போது?"

"அப்போது கேட்டிருந்தால் வழி கொஞ்சம் அகலமாக இருந்திருக்கும். இப்போது ஒடுங்கிவிட்டது. படிப்புக்கு என்று விசாவுக்கு முயற்சி செய்யலாம். கிடைக்கும் என்று நான் உங்களுக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நாளைக்கே தொடங்குவேன்."

சொல்லிவிட்டு என் தோளைத் தொடக் கையை நீட்டியிருக்கிறார். அதில் விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றோம்.

வெளியே வெயிலில் வள்ளி காத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். எனக்குக் கோபம் பொங்கியது. "ஒரு மழைக்காலம் முழுக்க வாயை மூடிக்கிட்டு இருந்தியாம்மா? அவன் உன் தம்பி இல்லையா?"

"நீங்கதான்பா சொல்லிக் குடுத்தீங்க. கல்யாணத்தன்னைக்கு, மாலையக்கூட கழட்டல, தனியா கூப்பிட்டுச் சொன்னீங்க. எங்க வீட்டுக்குன்னு மாப்பிள்ளைகிட்ட எதுவும் கேக்காதேன்னு. நான் கேக்கல. நீங்களும் கேக்கல. அவன் அங்க ஒவ்வொரு குலுக்கலுக்கும் செத்துச் செத்துப் பொழச்சிட்டிருக்கான்."

மூன்று பேரும் சைக்கிளில் ஏறி ரொம்ப தூரம் ஓட்டினோம். சரளைச் சத்தம் மட்டும்தான். முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டேன்: சின்னவன் பத்திரமாகக் கரை சேர்ந்தால் ரயில் பாதை ஓரத்து உன் கோயிலில் ஒரு மணி கட்டுகிறேன்.

நான்காம் நாள் காலை, ஒரு கால்வாய்க் கரையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சின்னவன். மூன்று நாளாக டவர் இல்லையாம். வீட்டில் எல்லாரும் நலம். குரலைக் கேட்டதும் கோப்பையை வைத்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த மெசேஜ்ல என்னடா சொன்னே? கேக்காமலே அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டீங்களா?" போனில் நாங்கள் எதையும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. "அந்த விஷயத்த அத்தான்கிட்ட பேச வேணாம்னு சொன்னேன்பா. அக்கா வீட்ல போய் நீங்க தலை குனிய வேணாம். வர்றத நான் பாத்துக்கறேன்னு."

"பேசிட்டேன்."

"ஐயோ."

"என்ன ஐயோ?"

"ஒண்ணுமில்லப்பா" என்றான். பிறகு மெல்ல, சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்கிற மாதிரி கேட்டான்: "என்ன சொன்னாரு?"

வர்றத நான் பாத்துக்கறேன் என்றவன் குரல் இல்லை அது. அந்தச் செய்தி என் காதில் விழுந்திருந்தால் அவன் பேச்சை மதித்து நான் பேசாமலே ஊர் திரும்பியிருப்பேன். புல் வெட்டுகிற இரண்டு பேரைப் பார்த்து நான் பயந்தது முனீஸ்வரன் செயல் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். மாப்பிள்ளை அப்படி நம்பவில்லை, சிரித்தார். வாடகைச் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் அதே மாதிரி ஒரு பித்தளை பெல் வாங்கி என் பையில் வைத்தார். மகள் வீட்டிலிருந்து ஒரு பொருள் எடுத்துக்கொண்டு போவது அதுதான் முதல் தடவை.

ரங்கூன் மிங்கலாடோனில் விமானம் இறங்கியது. விமான நிலையத்துக்கு வராதே என்று சின்னவனிடம் சொல்லியிருந்தேன், வரவில்லை. டாக்சி ஏறினதும் நெரிசல். ஹாரன், டீசல் புகை, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிடுகிற கண்டக்டர். "உங்களுக்கு நேரமாகிறதா, அங்கிள்? ரொம்ப மோசம் இந்த ரோடு" என்று டிரைவர் பர்மியத்தில் வருத்தப்பட்டான். மெதுவாகப் போ தம்பி, எனக்கு நன்றாக இருக்கிறது என்றேன். ஒரு சந்திக்குப் பிறகு முன்னால் போன பஸ்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பக்கத் தெருவில் ஒதுங்கின. ரோடு காலியானது. டிரைவர் ரேடியோவை அணைத்தான். நான் போனை எடுத்தேன். வள்ளியின் படம், மாப்பிள்ளையின் படம், சுரங்கத்து வாயில், எல்லாவற்றையும் அழித்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரையோடு அனுப்ப என்னிடம் ஒரு படமும் இல்லை.

மாப்பிள்ளை சொன்னபடி தொடங்கிவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. இந்த மாதக் குலுக்கலில் சின்னவன் பெயர் இல்லை. அடுத்த மாதம் மறுபடி குலுக்குவார்கள்.

அந்தப் பித்தளை பெல்தான் நான் வேண்டிக்கொண்ட மணி, கோயிலுக்கு இன்னும் போகவில்லை. இப்போதைக்கு என் சைக்கிளில் மாட்டியிருக்கிறேன். நேற்று காலை சின்னவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு துறைக்கு ஓட்டிப் போனேன். வழியில் வயலுக்கு நடுவே ஒரு நீட்டுப் பாதை, ஈ காக்கை இல்லை. அடித்தேன்.

"காலி ரோட்டுல யாருக்குப்பா பெல்?" என்றான் அவன் என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

இன்னொரு தடவை அடித்தேன்.